எழுந்து போனவர்கள்

அவள் டிபன் பாக்ஸோடு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும், அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

பெயிண்டர் பாதிச் சாப்பாட்டிலேயே டப்பாவை மூடினார். வெல்டர் கை கழுவாமலே கிளம்பினார். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சுகள் காலியாகிவிட்டன.

பஸ் ரிப்பேர் பார்க்கும் அந்தப் பணிமனையில் அவள்தான் முதல் பெண் மெக்கானிக். அப்பாவோடு மல்லுக்கட்டி வந்த வேலை. "கிரீஸ் பூசிக்கிற வேலை பொண்ணுக்கு எதுக்கு?" என்றார் அவர். "பூசினா கழுவிக்கிறேன்" என்றாள் இவள்.

வேலை நேரத்தில் எல்லோரும் பேசத்தான் செய்தார்கள். "ஸ்பேனரை எடும்மா", "அந்த போல்ட்டை இறுக்கிப் பாரு." மதிய மணி அடித்துவிட்டால் மட்டும் அவள் யாரோ.

அன்றும் தனியாகச் சாப்பிட்டாள். வெளியே அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேம்மா."

"பக்கத்துல யாரும் இல்லியா? சத்தத்தையே காணோம்?"

"எல்லாரும் இருக்காங்கம்மா. வாய் நிறைய சாப்பாடு, எப்படிப் பேசுவாங்க?"

மறுநாள் மழை பிய்த்து உதறியது. இன்றைக்காவது உட்காருவார்கள் என்று நினைத்தாள். இல்லை. டப்பாக்களைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிப்போய், சீட் கழற்றிப் போட்டிருந்த பழைய பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டார்கள்.

அவள் டப்பாவை மூடி வைத்தாள். மழையில் இறங்கி நடந்தாள்.

பஸ் படிக்கட்டில் அவள் கால் வைத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. கூரை ஒழுக ஒழுக, நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளையிலேர்ந்து நான் வரலண்ணே" என்றாள், அவர்களோடு நின்றிருந்த ஃபோர்மேனிடம்.

"ஏம்மா? யாராவது தப்பாப் பேசினாங்களா? சொல்லு, தோலை உரிச்சிடறேன்."

"பேசியிருந்தாத்தான் பரவால்லையே! என்னைக் கண்டாலே எந்திரிச்சுப் போறீங்க. நனைஞ்சாலும் பரவால்ல, என்கூட உக்காரக் கூடாது. அப்படி என்னண்ணே பண்ணிட்டேன் நான்?" குரல் உடைந்துவிட்டது.

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபோர்மேன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அடக் கடவுளே, அப்படியா நினைச்சுக்கிட்டே? வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு இத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல கூச்சப்பட்டுக்கிட்டு, நீ ஒரு வாய்கூட சாப்பிடாம டப்பாவை மூடிட்டியேம்மா. 'பெத்தவ ஆசையா சோறு கட்டிக் குடுத்திருப்பா, புள்ள பட்டினி கிடக்குதே'ன்னு பெயிண்டருக்குக் கண்ணே கலங்கிருச்சு. அதான், நீ நிம்மதியா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் உள்ளே இருக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ளேயே பேசி வெச்சுக்கிட்டோம்."