இன்னும் கொஞ்சம் பேசுங்கண்ணே!

"நிறுத்திடாதீங்கண்ணே, இன்னும் கொஞ்சம் பேசுங்க!" செல்போனைப் பார்த்துவிட்டு, மேனேஜர் தீபக் கிசுகிசுத்தார்.

சங்கத் தலைவர் முனிரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்தது. கம்பெனி ஆண்டு விழாவில் ஒரு தொழிலாளி சிறப்புரை ஆற்றுவது இதுதான் முதல்முறை.

"கம்பெனியைக் கர்நாடகாவுக்கு மாத்தப்போறாங்களாம்! நான் கேட்ல நிக்கிற வரைக்கும் ஒரு மெஷின் வெளிய போவாது!"

ஓசூர் மண்டபமே அதிர்ந்தது. தீபக்கும் கைதட்டினார்.

விருந்து முடிந்து, பொன்னாடையோடு முனிரத்தினம் ஃபேக்டரிக்குத் திரும்பியபோது கேட் திறந்து கிடந்தது. மெஷின்கள் இருந்த இடத்தில் போல்ட் பிடுங்கிய குழிகள்தான் இருந்தன.

வாட்ச்மேன் தலைகுனிந்தார்.

"நீங்கல்லாம் மண்டபத்துக்குக் கிளம்புனதுமே லாரிங்க வந்துருச்சுண்ணா. மேனேஜர்தான் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தாரு, 'அந்தாள இன்னும் எவ்வளவு நேரம் பேச வைக்கணும்?'னு."