புதுக் கட்டடத்தின் குறைகள்

“மாட்டினதும் தலை சுத்தும், பயப்படாதே லா. முடிவுல என்ன குறைன்னு கேப்பாங்க, அதை மட்டும் யோசிச்சுச் சொல்லு” என்றாள் உடன் வேலைசெய்யும் பிரிஜெட், பொறியாளர் அறையிலிருந்து வெளியே வந்த வேகத்தில்.

பிரேமாவதிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மலேசியாவின் சுங்கை பட்டாணியில் அந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு அவள் வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள். ஆறு ஆண்டும் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டிக் கொடுத்த கண்கள் அவளுடையவை. கண் இருக்கும்வரை வேலை தந்தார்கள். கண் மங்கியவளுக்கு வாசலைக் காட்டினார்கள். சென்ற மாதப் பரிசோதனையில் கடைசி இரண்டு வரிகள் அவளுக்குப் புகையாய்த் தெரிந்தன. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்றே வாரம். அதற்குள் லைன் லீடர் ஆகிவிட்டால் தப்பினாள். லீடருக்கு மைக்ராஸ்கோப் கிடையாது. இல்லாவிட்டால் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பி, அம்மா மருதம்மாளோடு பால்வாளி தூக்க வேண்டியதுதான்.

எண்பத்தொன்பதாம் ஆண்டின் நடுப்பகுதி அது. தொழிற்சாலையை ஒட்டிப் புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கட்டி முடிக்குமுன்பே அதற்குள் நடந்து பார்ப்பதற்காக, தலைமையகத்திலிருந்து வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் கணினியும் தலைக்கவசமுமாக வந்திறங்கியிருந்தார். கவசத்தை மாட்டினால் கட்டடம் கண்ணெதிரே நிற்குமாம்; தலையைத் திருப்பினால் அந்தப் பக்கச் சுவர் தெரியுமாம். அனுபவம் மிகுந்த தொழிலாளர் பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராய் அழைத்து, உள்ளே நடக்கவிட்டுக் குறை கேட்டார்கள்.

எதற்கென்று எவரும் சொல்லவில்லை. பிரேமாவதிக்குச் சொல்லத் தேவையும் இல்லை. தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்க வரிசை வீடுகளாய்ப் புது லயம் கட்டினால், சுண்ணாம்பு காயுமுன்பே குடிவரப் போகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டி, அடுப்படி போதுமா, தண்ணீர்க் குழாய் கிட்டத்தில் இருக்கிறதா என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி கேட்பது வழக்கம். யாரிடம் குறை கேட்கிறார்களோ அவர்களுக்கே அந்த வீடு. லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த நியாயம் அது. ஆகவே, புதுக் கட்டடத்துக்கு லீடர்களைத்தான் பொறுக்குகிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். அவள் சொல்லி, கேண்டீன் முழுவதும் அதை நம்பியது.

காத்திருந்த பெண்கள் அந்தக் கவசத்தின் எதிர்காலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். யான் என்னும் ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தன் தாய், வீட்டிலிருந்தபடியே மாதா கோயில் பூசை காணலாம் என்றாள் பிரிஜெட். சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவனைத் தினமும் போய்ப் பார்த்துவரலாம் என்றாள் பாப்பம்மா.

“தினமும் போனீன்னா அவரு கவசத்தைக் கழட்டிக் கடல்ல போட்டுருவாரு” என்று பிரிஜெட் வாரினாள்.

பிரேமாவதியின் எண்ணம் வேறு திசையில் ஓடியது. இதை அதிகாரத்தில் இருப்பவர்களின் தலையில் மாட்டி, ஒழுகும் லயத்துக்குள் ஒரு மழைநாள் முழுவதும் உலவவிட்டால் என்ன? ஏழையின் வீட்டை ஜீப்பிலிருந்தே பார்த்துப் போனவர்கள், ஒருமுறையேனும் அதன் அடுப்படியில் நின்று பார்க்கட்டுமே!

அவள் பெயரை அழைத்தார்கள்.

அறையில் மொழிபெயர்க்க டெக்னீஷியன் ஜெரார்ட் நின்றிருந்தார். கவசம் நீர்க்குடம் போலக் கனத்தது. சற்று நேரம் இருட்டு. பிறகு கோடும் கட்டமுமாய் ஒரு பெருங்கூடம் விரிந்தது. எதுவும் புகையாய் இல்லை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கையிலிருந்த பொத்தானை அழுத்தி நடந்தாள். வரிசை வரிசையாய் இயந்திரங்கள். எண்ணினாள். இருநூற்று நாற்பது. ஆட்களை வரையவில்லை, அதில் அவளுக்கு வியப்பும் இல்லை. குடிவருமுன் லயத்தில் ஆள் இருப்பார்களா?

இரண்டு சுற்று நடந்தபின் வாயைத் திறந்தாள்.

“அண்ணே, மொத குறை. ஒட்டின கம்பி வளைஞ்சிருந்தா அடுத்த மெஷின்லயே புடிக்கணும். இங்க பாக்குற மெஷினைக் கடைசியிலதான் வச்சிருக்காங்க. அதுக்குள்ள அம்பது சிப்பு ரோசாக் ஆகிக் குப்பைக்குப் போயிரும்.”

ஜெரார்ட் ஆங்கிலத்தில் சொன்னார். பேனா பரபரவென்று ஓடும் ஓசை கேட்டது. இதுவரை எந்தப் பொறியாளரும் சொல்லாததை இந்தப் பெண் சொல்லிவிட்டாளே என்று வெள்ளைக்காரர் வியந்ததாக ஜெரார்ட் எடுத்துச் சொன்னார். பதவி பாதி கைக்கு வந்தாயிற்று. மீதியை ஏன் விட வேண்டும்?

“இன்னும் இருக்குண்ணே. உக்கார ஒரு ஸ்டூலுகூட வரையல. தண்ணி குடிக்க எடமில்ல, டாய்லட் கதவையே காணோம். இருநூத்தி நாப்பது பேரு எங்க போவாங்க?” கவசத்தோடு தலையை நிமிர்த்திக் கூரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். “மேல ஒரு லைட்டுகூட இல்ல. இதைப் போய் மறந்துட்டாங்களே.”

இம்முறை பேனா ஓடவில்லை. வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். ஜெரார்ட் அதை மொழிபெயர்க்கவில்லை.

“என்னண்ணே சொல்றாரு?”

கவசத்தை அவள் தலையிலிருந்து மெல்லத் தூக்கி எடுத்தார் ஜெரார்ட். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மொத குறையை இன்னிக்கே திருத்திருவாராம், பிரேமா. மத்தது எதையும் மறக்கலையாம். மெஷினுக்கு எதுக்கு லைட்டுன்னு கேக்குறாரு.”