இரண்டு பொன்னையா

"கல்யாண சர்ட்டிபிகேட் கொண்டாந்தீங்களா?" என்று காமாரியா கேட்டதும் இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

நான் இவரைப் பார்த்தேன்.

இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை இது. கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், இவருக்கு உடனே பார்ப்பதற்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். மின்விசிறி, காலண்டர், செருப்பு வார்.

பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடி. லாயர் ஆபீஸ். லாயர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவருடைய கிளார்க் காமாரியாதான் பேங்க் கடனுக்கு ஃபாரம் அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறை வீடு ஒன்றை நானும் இவரும் சேர்ந்து வாங்கப் போகிறோம்.

சுங்கை பினாங்கில் வாடகைக்கு ஒன்றாகக் குடியிருந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெல்லிய சங்கிலி ஒன்றை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு நடப்பேன். பக்கத்து வீட்டார் அதைத் தாலி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

"அம்மா இருக்கும் மட்டும் பொறும்" என்பார் இவர்.

அந்த அம்மா தினமும் கோயிலுக்கு நடந்து போய் நடந்தே வருகிறார். எனக்குத்தான் இந்த ஆபீஸ் படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

இவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். நான் தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகள். இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அதெல்லாம் அந்த அம்மாவுக்குக் கணக்கில்லை.

வீட்டைத் தன் பேரிலேயே வாங்கிவிடலாம் என்றுதான் இவர் முதலில் சொன்னார். முன்பணத்தில் பாதி என்னுடைய சம்பளம். சும்மா இருப்பேனா? வேறொரு லாயரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் உடைத்தே சொல்லிவிட்டார். கல்யாணம் பதியாத வரை சட்டத்தின் கண்ணில் நான் இவருக்கு யாரும் இல்லை. வீடு இவர் பேரில் இருந்து இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அது அம்மாவுக்கும், அவருக்குப் பின் கூடப் பிறந்தவர்களுக்கும் போகும். நான் சட்டி பானையோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான்.

அதனால்தான் இரண்டு பேர் பேரும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பேங்க் நின்றது. புருஷன் பெண்டாட்டி என்றால் சர்ட்டிபிகேட் வேண்டும், இல்லாவிட்டால் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சேர்த்துக் கடன் இல்லை என்று காமாரியா பொறுமையாக விளக்கினாள்.

இவர் இன்னும் மின்விசிறியிலேயே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைக் கழற்றி இவர் மடியில் வைத்திருப்பேன்.

காமாரியா எங்கள் ஐசி அடையாள அட்டை இரண்டையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். குனிந்து படித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யோ, அண்ணன் தங்கச்சியா? நான் புருஷன் பெண்டாட்டின்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க அக்கா. அப்ப பேங்க்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க லா!"

நல்லம்மாள், அப்பா பெயர் பொன்னையா. குலசேகரம், அப்பா பெயர் பொன்னையா. நம் ஆட்களுக்கு அப்பா பெயர்தானே கடைசிப் பெயர்.

என் பொன்னையா ஒரு முறை எனக்காகப் பேச இவருடைய பொன்னையா வீட்டுக்குப் போனார். உட்காரக்கூடச் சொல்லாமல் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இன்று அந்த இரண்டு பேரையும் காமாரியா ஒரே ஆளாக்கிவிட்டாள்.

இல்லை என்று இவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் வீடு போனாலும் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

இவர் மின்விசிறியிலிருந்து இறங்கி வந்தார். "ஓம், தங்கச்சிதான்" என்றார்.

அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாதி வீடு என் பேர்ல வந்திருமா?" என்று காமாரியாவிடம் கேட்டேன்.

"வரும் அக்கா. கிராண்ட்ல, வீட்டுப் பத்திரத்துல, ரெண்டு பேரும் பாதி பாதி. அண்ணனே நெனச்சாலும் உங்கள வெளியாக்க முடியாது."

இத்தனை வருஷம் பொங்கிப் போட்டுக் கிடைக்காத பாதி வீடு, தங்கச்சி ஆன ஐந்தாவது நிமிஷத்தில் கிடைத்தது. காமாரியா பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடங்களில் எல்லாம் அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். இவரும் போட்டார். சீட்டியடிக்காததுதான் குறை.

படியில் பாதி இறங்கியதும் இவர் நின்றார். தங்கச்சி என்று எழுதிக் கொடுத்தது அப்போதுதான் மண்டையில் ஏறியது போலிருக்கிறது. முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப... எங்கட கல்யாணம்?"

அந்தச் சொல் இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பார்ப்பதற்கு அங்கே மின்விசிறி இல்லை, காலண்டர் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அந்த வெறும் சங்கிலியை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து வெளியே போட்டேன்.

"அண்ணன்னு நீங்க ஒருத்தர் இருக்கீங்களே. நல்ல மாப்பிள்ளையா பாருங்க லா."