தொள்ளாயிரம் டன்

காலை ஒன்பது நாற்பதுக்குக் கல்லூரி முதல்வர் சிவப்புப் பேனாவை எடுத்து அறிக்கையில் ஜெனரேட்டரை அடித்தார்.

"நூத்தித் தொண்ணூறு டன்னா? கரண்ட் போனாத்தானே அது ஓடுது. அதெல்லாம் எதுக்குக் கணக்குல?"

அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டார். மேசைக்கு எதிரே வேதியியல் ஆசிரியை நின்றுகொண்டிருந்தாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

ஐந்து மாதம் அவள் மின்கட்டண ரசீதுகளையும் டீசல் பதிவேட்டையும் புரட்டியிருந்தாள். ஏசி மெக்கானிக்கின் பின்னால் மாடி மாடியாக ஏறியிருந்தாள். கல்லூரி வளாகம் ஒரு வருடத்தில் காற்றில் விடும் வாயுக்கள், கரியமில வாயுக் கணக்கில், இரண்டாயிரத்து நூற்று நாற்பது டன்.

"ஏம்மா, இது காலேஜா, செங்கல் சூளையா?"

"இருக்கறதைத்தான் சார் அளந்தேன்."

"பதினோரு மணிக்கு நிர்வாகக் குழு உட்காருது. என் பதவி நீட்டிப்பு அவங்க கையில. இந்த நம்பரைக் கொண்டுபோய் வச்சா, பொட்டியைக் கட்டுன்னுடுவாங்க."

"முதல் வருஷக் கணக்கு சார். குழு அனுப்பின கடிதத்துல நாலாம் பக்கத்தை ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா..."

"கடிதம் படிக்கத்தானே உன்னைப் போட்டிருக்கு? நான் கையெழுத்துப் போடறவன்."

பேனா பஸ்களை அடித்தது. முந்நூற்றுப் பத்து டன் போயிற்று.

"ஹாஸ்டலையும் எடுத்துடலாமே சார்" என்றாள்.

முதல்வர் நிமிர்ந்தார்.

"தனிக் கட்டடம்தானே. கரண்ட், சமையல் கேஸ் ரெண்டும் சேர்ந்து ஐந்நூத்தம்பது குறையும்."

"இப்பத்தான் நீ வழிக்கு வர்றே."

"ஏசியில கசியற வாயுவும் யார் கண்ணுக்கும் தெரியறதில்ல சார்."

அதுவும் நூற்றுத் தொண்ணூறு. வகுப்பறை மின்சாரம் மட்டும் மிஞ்சியது. தொள்ளாயிரம் டன்.

கடைசியாக அட்டையைத் திருப்பினார். 'அளந்து தயாரித்தவர்' என்பதற்குக் கீழே அவள் பெயர் இருந்தது. அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

"தப்பா எடுத்துக்காதே. ஒரே பேர் போனாத்தான் குழுவுக்கு மதிப்பு."

"சரி சார்."

போன வருடம் கிணற்றுநீர் ஆய்வு. எட்டு மாதம் அவள் வாளியும் கயிறுமாக அலைந்தாள். விருது வாங்கியது அவர். மேடையில் படம் எடுக்கும்போது, "நீ கொஞ்சம் தள்ளி நில்லு, நிழல் விழுது" என்றார். அந்தப் படத்தை அவள் ஆய்வக அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தாள். தினமும் அலமாரியைத் திறந்தாள்.

நடைவழியில் நூலகர் பிடித்துக்கொண்டாள். "என்னடி, இந்தத் தடவையாவது உன் பேரைப் போட்டானா?"

"அடிச்சுட்டார் அக்கா."

"மறுபடியுமா? நீயும் சரின்னு வந்துட்டியா? உனக்கெல்லாம் ரோஷமே கிடையாதா?"

"இருக்கு அக்கா. பத்திரமா வச்சிருக்கேன்."

"எதுக்கு? அடகு வைக்கவா?"

அவள் கணினி அறைக்குப் போய் புதிய அட்டையை அச்செடுத்தாள். அவர் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டாள்.

பதினோரு மணிக்குக் குழுத் தலைவி அறிக்கையைப் புரட்டினார். "தொள்ளாயிரம் டன். முழு வளாகத்துக்குமா?"

"முழு வளாகத்துக்கும்ங்க" என்றார் முதல்வர்.

"நீங்களே அளந்தீங்களா?"

"நானேதாங்க. அஞ்சு மாசம் ராப்பகலா. வேற யாரையும் இதுல கைவைக்க விடலை."

குழுவினர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆசிரியையும் தட்டினாள்.

"சந்தோஷம். பதவி அஞ்சு வருஷம் நீட்டிச்சாச்சு" என்றார் தலைவி. "கடிதத்துல எழுதின நிபந்தனைதான். முதல் வருஷக் கணக்குதான் அளவுகோல். அதுல இருந்து வருஷா வருஷம் பத்துல ஒரு பங்கு குறையணும். குறையாத வருஷம் நீங்க கிளம்பிடணும்."

முதல்வரின் சிரிப்பு முகத்தில் இன்னும் இருந்தது. "அடுத்த வருஷமும் நானே அளந்து..."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? வெளியாளுங்க திங்கட்கிழமையே வந்துடறாங்க. ஜெனரேட்டர், பஸ், ஹாஸ்டல், ஏசி, ஒரு அடுப்பு விடாம அளப்பாங்க. உங்களுக்கென்ன பயம், எல்லாம் சேர்த்தே தொள்ளாயிரம்தானே?"

முதல்வர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமலே வைத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். உள்ளதைச் சொல்லிடறேன். இதை அளந்தது நான் இல்லீங்க. அதோ, அவங்கதான். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எல்லாம் அவங்க வேலை. நான் வெறும் கையெழுத்துதான்."

எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். தலைவி அட்டையை ஒருமுறை பார்த்தார். ஆசிரியை நிதானமாக எழுந்தாள்.

"அதுல என் பேர் எங்க சார் இருக்கு?"