ஓரம் தைத்த துணி

சவப்பெட்டியில் சீனர் லிம் செங் ஹாக். பெட்டியின் தலைமாட்டில் அவர் மகன்கள் பூன் கியாட், பூன் சியாங். சடங்கை நடத்துகிறவர் இறந்தவரின் தம்பி, மளிகைக் கடை முதலாளி, ஊரார் வாயில் 'தவுக்கே', செங் லியோங். வாசலில் அஞ்சலை. அவளுக்கு ஓரடி பின்னால் அவள் அண்ணன் முத்துக்கறுப்பன்.

வேறு யாரும் இல்லை.

அஞ்சலை, பெட்டியில் கிடப்பவர் பெற்ற மகள். கைக்குழந்தையாக இருந்தபோதே தைப்பிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முத்துக்கறுப்பனின் அப்பாவிடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டவள்.

கொடுத்தார்கள். வாங்கினார்கள். அதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் யாரும் அதைப் பேசியதில்லை.

சாவுச் செய்தி வந்தது. அழைப்பு வரவில்லை.

"போகட்டுமாண்ணே?" என்றாள்.

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

செங் லியோங் துக்க உடையை எடுத்து வந்தார்.

மகன்கள் அணிந்திருந்தது முரட்டுச் சாக்கு. வெட்டிய ஓரங்களில் நூல் பிரிந்து தொங்கியது.

அஞ்சலையின் கையில் வைத்தது அதைவிட மெல்லிய துணி. ஓரம் மடித்து, நேராகத் தைத்தது.

அவள் துணியைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள்.

முத்துக்கறுப்பனுக்கு முகம் கறுத்தது. அப்பா தோளில் தூக்கி வளர்த்த பெண். அவளை ஒரு படி கீழே நிறுத்துவதா?

"எங்க வீட்டுப் பொண்ணுன்னா உங்களுக்கு மிச்சத் துணிதானா, தவுக்கே? போட வேணாம் அஞ்சலை. கிளம்பு."

அவள் கிளம்பவில்லை.

செங் லியோங், தோட்டத்து ஆட்களுக்கு அரிசி விற்றே தமிழ் பழகியவர்.

"கோவிக்காதே லா, முத்து. சாக்குன்னா முழு துக்கம். அது அப்பாவுக்கு மட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பாதான். உன் அப்பா செத்தப்ப அவ அதை அவருக்குக் காட்டிட்டா. அவர் இடத்தைப் பிடுங்கி என் அண்ணனுக்குக் குடுக்கலாமா? கன்பூசியஸ் முறையில அது பெரிய தப்பு."

முத்துக்கறுப்பன் தங்கையின் கையிலிருந்த துணியின் ஓரத்தைப் பார்த்தார்.

பால்மரம் சீவிய மனிதர் அப்பா. கன்பூசியஸ் என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அந்த முறை எத்தனையோ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இடம் போட்டு வைத்திருந்தது.

"அப்போ இது மட்டும் எதுக்கு? தூக்கிக் குடுத்த மனுசனுக்கு இந்த மெல்லிசுத் துணிதான் எதுக்கு?"

"கூப்பிடாமலே அவதான் வந்துட்டாளே. மனுசன் பிறக்கும்போதே மனசுல நல்லது இருக்கு, எங்க பெரியவங்க அப்படித்தான் நம்புனாங்க. முறை அதை உண்டாக்காது. வெளியே வர வழி விடும், அவ்வளவுதான் லா."

அஞ்சலை துணியை அணிந்துகொண்டாள்.

மண்டியிட்டாள். நெற்றி தரையைத் தொட்டது. வெகுநேரம் எழவில்லை.

முத்துக்கறுப்பன் கோயிலைத் தவிர வேறெங்கும் முதுகு வளைத்தவரல்ல. வெள்ளைக்கார மேனேஜர் முன்னால் நிமிர்ந்து நின்ற குடும்பம்.

தங்கைக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

வேட்டியைச் சற்றே உயர்த்திப் பிடித்தார்.

முத்துக்கறுப்பனையே சீனர்கள் மண்டிபோட வைத்துவிட்டார்கள் என்று தைப்பிங்கில் இன்றும் ஒரு பேச்சு உண்டு.

பொய். யாரும் வைக்கவில்லை.