ஆய்வு விடுப்பு

டீன் தியாகராஜாவின் அறைக்குள் கீர்த்திகா தயங்கித் தயங்கி நுழைந்தார். கெலுகோரில் உள்ள அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்குக் கீர்த்திகாதான் தலைவர். துறையினருக்கு ஆய்வு விடுப்பு வேண்டி அவர் பணிவோடு எழுதிய அறிக்கை, டீனின் மேசைமேல் விரிந்து கிடந்தது. சன்னலுக்கு வெளியே தெரிந்த கடல் பாலத்தின் மேல் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

“உட்காருங்க டாக்டர். ஆறு பேருக்கும் ஒரே ரூமா?”

“ஆமா சார். ஏர்கான்கூட ஓடல.”

“நாள் முழுக்க கிளாஸ் வேற. அப்படியும் இந்த வருசம் ஆளுக்கு நாலு கட்டுரையா? என்ஜினியரிங் ஆளுங்களே இவ்வளவு எழுதலையே லா! எப்படி முடியுது?”

“வீட்டுல உட்கார்ந்து எழுதுறோம் சார்,” என்றார் கீர்த்திகா, தலை நிமிராமல்.

டீன் மெல்லச் சிரித்தார்.

“அப்புறம் லீவு எதுக்கு? லீவு இல்லாமலே எழுதலாம்னு நீங்களே காட்டிட்டீங்க. இனிமே எந்த டிபார்ட்மெண்டுக்கும் லீவு கிடையாது. மேலே சொல்லிட்டேன்.”

கீர்த்திகா எழப் போனார்.

“ஒரே ஒரு உதவி டாக்டர். நாளைக்கு மீட்டிங்ல எல்லாருக்கும் காட்டணும். அந்தக் கட்டுரைங்களைக் காலையிலே கொண்டு வந்துடுங்க.”

“சரி சார்.”

வெளியே, துறையின் இளைய விரிவுரையாளர் நல்லமுத்து ஓடி வந்தார்.

“அக்கா, நம்ம டிபார்ட்மெண்டை மூடப் போறாங்களா?”

“இல்ல தம்பி, பாராட்டினாரு.” கீர்த்திகா சுவரில் சாய்ந்துகொண்டார். “மூடிடுவாங்கன்னு பயந்து, எழுதாத கட்டுரையையெல்லாம் எழுதினதா ரிப்போர்ட்ல போட்டோமே… அதெல்லாம் நாளைக்குக் காலையிலே வேணுமாம்.”