மணிக்கு முப்பத்தாறு கிலோமோல்

கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு மாணவன் மனோஜ்குமாருக்கு வயது அறுபத்து மூன்று. நாற்பதாவது நாளாக இன்றைக்கும் கணக்கைத் தப்பாகப் போடுவதற்காக, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செல்போனும் கையுமாக உட்கார்ந்தார்.

நிஜப் பெயர் சுப்பையன். பொள்ளாச்சியில் கொப்பரை மண்டி வைத்திருப்பவர். பொய்ப் பெயரில் ஒரு பாட ஆப்பில் சேர்ந்தது, சாயந்திரம் ஏழு மணிக்கு எழுத்திலேயே பாடம் சொல்லித்தரும் கவின் சாருக்காக. கவின் சார் அவர் பெற்ற மகன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மண்டியில் உட்கார மாட்டேன் என்று கவின் குஜராத்துக்கு உரத் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பினான். "போனா அப்பிடியே போயிரு. நானாப் போன் போட்டுக் கூப்புடுவேன்னு மட்டும் நெனைச்சுக்காதே" என்றார் சுப்பையன். சொன்ன சொல் மாறாதவர் என்று சந்தையில் சம்பாதித்த பெயர், இப்போது தொண்டையில் முள்ளாக நின்றது. மனைவி பூவாத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், வாய்விட்டுச் சத்தம் போடுவது பிரிட்ஜ் மட்டும்தான்.

பக்கத்து வீட்டு வெல்ல வியாபாரி ஜபருல்லா டீயோடு வந்தார். அவர் மகள் ஷைமா சொல்லித்தான் இப்படியோர் ஆப் இருப்பதே சுப்பையனுக்குத் தெரியும்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்காச்சும் பாஸா?"

"பாஸானா முடிஞ்சு போச்சே பாய். சரியான விலையச் சொல்லிப்போட்டா அப்புறம் என்ன பேரம்?"

"பெத்த பையனுக்கு ஒரு போன் போட வக்கில்லாம இந்தக் கூத்தாக்கும்?"

"அவன் போடட்டும்."

"நல்லாப் போடுவான். ரெண்டும் ஒரே குலையில காச்சதுதானே!"

கணக்கு ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. குழாயில் மணிக்கு முப்பத்தாறு கிலோமோல் அம்மோனியா போகிறது. வினாடிக்கு எத்தனை மோல்? ஒரு கிலோமோலுக்கு ஆயிரம் மோல், ஒரு மணிக்கு மூவாயிரத்து அறுநூறு வினாடி. பெருக்கி வகுத்தால் பத்து.

முதல் நாள் மட்டும் அவர் நிஜமாகவே தப்புச் செய்தார். விடை பத்தரை என்று போட்டார். அவர் மண்டியில் ஆயிரம் காய் வாங்கினால் மேலே ஐம்பது லாபக்காய் சும்மா வரும். நாற்பது வருடப் பழக்கத்தில் கை தானாக ஆயிரத்து ஐம்பதால் பெருக்கிவிட்டது.

"இந்த அரை எங்கிருந்து வந்துச்சு தம்பி?" என்று சார் கேட்டான். "கை தவறிருச்சு சார்" என்று சமாளித்தார்.

மறுநாளிலிருந்து தெரிந்தே தப்பு. வகுக்க வேண்டியதைப் பெருக்குவார். இன்னொரு நாள் மணியை நிமிடமாக்கி அதோடு நிறுத்திக்கொள்வார். திரையில் சிவப்பாக இங்கிலீஷில் ஏதோ வரும். அதை அவர் படிப்பதில்லை. ஒரு நிமிடம் போனால் அதே கணக்கு பச்சையாகத் திறந்துகொள்ளும்.

"பரவாயில்லைங்க, மொதல்ல இருந்து பாப்போம்" என்பான் சார். மறுநாளே தம்பி கழன்று 'ங்க' ஒட்டிக்கொண்டதை, மக்குப் பையனுக்கு வாத்தியார் கொடுக்கும் அலுப்பு மரியாதை என்று சுப்பையன் எடுத்துக்கொண்டார். சில நாள் "சாப்ட்டாச்சுங்களா?" என்றுகூட வரும். அன்றைக்கு மட்டும் ஆறிப்போன இட்லியும் இறங்கும்.

இன்றைக்குக் கணக்குக்கு முன்னாலேயே ஒரு செய்தி வந்தது. "நாளையிலிருந்து எனக்கு பேக்டரியில ஷிப்ட் மாறுதுங்க. இதுதான் கடைசி வகுப்பு."

சுப்பையன் டீயைக் கீழே வைத்தார். 'நாந்தாண்டா' என்று எழுதினார்; அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். ஜபருல்லா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கடைசியில், பிள்ளைக்குக் கொடுக்கக் கையில் வேறொன்றும் இல்லாததால், சரியான விடையைக் கொடுத்தார். பத்து. ஒரு மக்கையாவது கரையேற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு அவன் போகட்டும்.

'வகுப்பு முடிந்தது' என்றது திரை. அதற்குப் பிறகு இருண்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. மூன்று வருடமாகத் திரையில் வராத பெயர்.

"என்ன கண்ணு, திடீர்னு?" என்றார், குரலை இழுத்துப் பிடித்து. "சும்மா டிவி பாத்துட்டு இருக்கறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு மூச்சு.

"அந்த ஆப்புல ஒரு கணக்குக்கு மூணு தடவைக்கு மேல ஆருக்கும் சான்ஸ் கெடையாதுங்கப்பா. தெனமும் நாந்தான் தொறந்து உட்டுட்டிருந்தேன்."